பள்ளிக்கூட லாப்பில் அஸ்பிரின் செய்வதும், செய்தது அஸ்பிரின்தானா என்று பார்ப்பதும்

போன வருடம் ஏ.எல் வகுப்புப் பெடியன் ஒருவன் 2 கிராம் சலிசிலிக்கமிலத்தில் இருந்து 3.1 கிராம் அஸ்பிரின் எடுத்துவிட்டதாகக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். முகத்தில் பிக் மச் வென்ற சிரிப்பு. கணக்குப் பார்த்தால் 2 கிராமில் இருந்து ஆகக்கூடியது 2.61 கிராம்தான் வரலாம், ஆக அவனுடைய விளைவு நூற்றுக்கு 119. எப்படி நிறுத்தாய் என்று கேட்டேன். வடிதாளோடு சேர்த்து நிறுத்திருக்கிறான், அதுவும் ஈரம் காயமுதல். வெள்ளையாக இருந்தது, பளிங்கு மாதிரி மினுங்கியது, அது போதும் என்று நினைத்துவிட்டான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அஸ்பிரின் செய்யும் முறையை எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பார்க்கலாம், வேலையும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். ஆனால் சலிசிலிக்கமிலமும் வெள்ளைத் தூள், அஸ்பிரினும் வெள்ளைத் தூள், இரண்டும் கலந்து கிடந்தாலும் வெள்ளைத் தூள்தான். கையில் இருப்பது எது, எவ்வளவு சுத்தம் என்று காட்டுவதுதான் உண்மையான வேலை, அதற்கு ஒரு சோதனை போதாது. அதனால் இங்கே செய்முறையைக் கொஞ்சம் வேகமாகவும் சோதனைகளைக் கொஞ்சம் ஆறுதலாகவும் எழுதுகிறேன்.

என்ன நடக்கிறது

சலிசிலிக்கமிலத்தில் பென்சீன் வளையத்தின் பக்கத்துப் பக்கத்துக் காபன்களில் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று காபொட்சிலிக் கூட்டம், மற்றது பீனோலில் உள்ளது போன்ற ஐதரொட்சில் கூட்டம். அந்த ஐதரொட்சிலின் ஐதரசனைத் தள்ளிவிட்டு அங்கே அசற்றைல் கூட்டம் போய் உட்கார்ந்தால் அஸ்பிரின். அசற்றைலைக் கொடுப்பது அசற்றிக் நீரிலி, அதாவது இரண்டு அசற்றிக்கமில மூலக்கூறுகள் தண்ணீரை இழந்து சேர்ந்த சேர்வை, மிஞ்சுவது அசற்றிக்கமிலம். சில துளி செறிந்த அமிலம் ஊக்கியாக நிற்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும், வினாகிரியும் அசற்றிக்கமிலம்தானே மிஸ், அதை ஊற்றினால் என்ன என்று. வினாகிரியில் பெரும்பகுதி தண்ணீர், அஸ்பிரின் போல அமிலமும் ஐதரொட்சிலும் இணைந்த சேர்வையான எசுத்தர் உருவாகும் பக்கத்துக்குத் தண்ணீர்தான் எதிரி. தண்ணீரே இல்லாத அசற்றிக்கமிலத்தை எடுத்தாலும் பீனோல் வகை ஐதரொட்சில் இலேசில் எசுத்தராகாது. நீரிலி வேண்டும்.

1853இல் கெர்ஹாட் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் இந்தச் சேர்வையை முதலில் செய்தபோது கிடைத்தது சுத்தமில்லாத பொருள். 1897இல் ஜேர்மனியின் பயர் கம்பனியில் பீலிக்ஸ் ஹொஃப்மன் அதைத் தூய்மையாக, கெடாமல் இருக்கும் வடிவில் எடுத்தார், 1899இல் அஸ்பிரின் என்ற பெயரில் வந்தது. இடையில் போன 44 வருடத்தின் கதையே தூய்மைதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

தொடங்க முதல்

அசற்றிக் நீரிலிப் போத்தலைத் திறந்தால் கண் எரியும், மூக்கு எரியும், தோலில் பட்டால் புண்ணாகும், 50 பாகைக்குக் கிட்டவே அதன் ஆவி தீப்பற்றும். அதனால் மேசையில் பன்சன் சுடர் இருக்கவே கூடாது. சூடாக்குவதற்குக் கேத்திலில் கொதித்த தண்ணீரைப் பேசினில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து 70 பாகைக்குக் கொண்டுவந்தால் போதும். வெப்பமானி பார்த்துக்கொண்டே இருங்கள், ஆறினால் கொஞ்சம் சுடுதண்ணீர் சேருங்கள்.

நீரிலியை ஊற்றுவது ஆசிரியர் மட்டும். புகை உறிஞ்சும் கூண்டு இருந்தால் அதற்குள். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அது இல்லை என்பது தெரியும். இல்லாவிட்டால் ஆசிரியர் விறாந்தையில் காற்று முதுகுப் பக்கம் இருந்து வீசும் இடத்தில் நின்று, ஒவ்வொரு குழுவின் குடுவைக்கும் தானே அளந்து ஊற்றி, போத்தலை உடனே மூடிவிட வேண்டும். அதுவும் முடியாதென்றால் அளவைப் பாதியாக்கி ஆசிரியர் செய்துகாட்டட்டும், சோதனைகளைப் பிள்ளைகள் செய்யட்டும். அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று, இது கடையில் நினைத்தவுடன் வாங்கும் சாமான் அல்ல. ஹெரோயின் செய்யவும் இது பயன்படுவதால் 1988ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. பள்ளிக்கூடம் முறைப்படி எடுத்து, பதிவுப் புத்தகத்தில் எழுதி, பூட்டி வைக்க வேண்டிய பொருள். வீட்டுக் குசினியில் செய்து பார்ப்போம் என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கைக்கு நைத்திரைல் கையுறை, மேலங்கி, பின்னி முடிந்த தலைமயிர், கால் மூடிய சப்பாத்து. இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் கூடுதலாகப் பார்ப்பது தண்ணீர்த் தாங்கி. கிணற்றில் இருந்து மோட்டரில் ஏற்றிய தண்ணீர்தான் எங்கள் குழாய்களில் வருகிறது, கரண்ட் போய்த் தாங்கியும் வற்றியிருந்தால் கண்ணில் அமிலம் பட்ட பிள்ளைக்கு என்ன செய்வது? ஒருநாள் அப்படிக் குழாயைத் திறந்து வெறும் காற்றுச் சத்தம் கேட்ட பிறகு, இரண்டு பெரிய வாளி நிரப்பிப் பக்கத்தில் கோப்பையோடு வைக்காமல் நான் தொடங்குவதில்லை. கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம், பிறகு ஆஸ்பத்திரி. அப்பச்சோடா மேசையில் சிந்தியதற்கு, தோலுக்கு அல்ல.

அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் முதலே சொல்லிவிடுங்கள், தூள் பறக்கும் வேலையில் இருந்து தள்ளி நிற்கலாம். செய்ததை யாரும் வாயில் வைக்கக் கூடாது, நுனிநாக்கில் தொட்டுப் பார்ப்பதும் கூடாது. எவ்வளவு சுத்தமாக வந்தாலும் அது மருந்து அல்ல. மாரியில் காய்ச்சல் பரவும் எங்கள் ஊரில் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெங்கு என்ற சந்தேகம் உள்ள காய்ச்சலுக்குக் கடை அஸ்பிரினே ஆகாது, அது இரத்தம் உறைவதைக் குறைத்து இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு டொக்டர் சொல்லாமல் கொடுப்பதே இல்லை.

செய்முறை

100 மில்லிலீற்றர் கூம்புக் குடுவை ஒன்று எடுங்கள், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கழுவிவிட்டு உதறியது காய்ந்தது ஆகாது. உள்ளே ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துளித் தண்ணீரும் நீரிலியைத் தின்றுவிடும். அதில் 2.0 கிராம் சலிசிலிக்கமிலம் போடுங்கள். ஆசிரியர் 5 மில்லிலீற்றர் அசற்றிக் நீரிலி ஊற்றுவார். அது தேவைக்கு மூன்று மடங்குக்கு மேல், அதனால் விளைவைத் தீர்மானிப்பது சலிசிலிக்கமிலத்தின் அளவுதான். பிறகு ஊக்கி. பழைய செய்முறைகளில் செறிந்த சல்பூரிக்கமிலம் 5 துளி என்று இருக்கும், எனக்கு 85 சதவீதப் பொசுபோரிக்கமிலம் 5 துளிதான் விருப்பம். வேலை அதேதான், ஆனால் பொருளைக் கருக்காது, தவறிப் பட்டாலும் சல்பூரிக் அளவுக்குக் கொடுமை செய்யாது.

குடுவையை மெதுவாகச் சுழற்றி, 60 முதல் 70 பாகைத் தண்ணீரில் 15 நிமிடம் வையுங்கள். தூள் கரைந்து தெளியும். கரையாத துகள் சுவரில் ஒட்டியிருந்தால் சுழற்றி இறக்கிவிடுங்கள், அங்கே இருப்பது எதிர்த்தாக்கம் நடக்காத சலிசிலிக்கமிலம், பிறகு சோதனையில் அதுதான் ஊதாவாக வந்து நிற்கும்.

15 நிமிடம் முடிந்ததும் வெளியே எடுத்து, சூடு இருக்கும்போதே துளித்துளியாக 2 மில்லிலீற்றர் தண்ணீர் விடுங்கள். இந்த இடத்தில்தான் அவசரப்பட்டால் ஆபத்து. மிஞ்சிய நீரிலி தண்ணீரோடு சேர்ந்து அசற்றிக்கமிலமாகும்போது சூடு கிளம்பும், வினாகிரி மணத்தோடு ஆவி வரும், சிலவேளை கொதித்து எழும்பும். குடுவையின் வாய் யாருடைய முகத்துக்கும் நேரே இருக்கக் கூடாது. கொந்தளிப்பு அடங்கிய பிறகுதான் 40 மில்லிலீற்றர் குளிர்ந்த தண்ணீர், பிறகு ஐஸில் 15 நிமிடம்.

ஐஸுக்கு எங்கே போவது என்றால், குருநகர்ப் பெடியள் யாராவது வகுப்பில் இருந்தால் மீன்பெட்டிக்குப் போடும் ஐஸ் ஒரு கட்டி வந்துவிடும். குடுவைக்கு வெளியே வைப்பதற்கு அது தாராளம். ஆனால் பளிங்கைக் கழுவும் தண்ணீர் அந்த ஐஸ் உருகியதாக இருக்கக் கூடாது, சுத்தமான தண்ணீரைப் போத்தலில் விட்டு ஐஸுக்குள் புதைத்துக் குளிராக்குங்கள். தண்ணீர் என்று நான் எழுதும் இடமெல்லாம் காய்ச்சி வடித்த தண்ணீர்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பைத் தரும் இருகாபனேற்று, பிறகு அமிலத்தைக் காரத்தால் அளக்கும் நியமிப்பில் புகுந்து குழப்பும். பெற்றோல் செட்டில் பற்றறிக்கு விற்கும் வடித்த தண்ணீர் சரிவரும். பக்கத்துத் தட்டில் பற்றறி அமிலமும் இருக்கும், லேபலை இரண்டு தரம் வாசித்து வாங்குங்கள்.

பளிங்கு வரவில்லை என்றால் கண்ணாடிக்கோலால் குடுவையின் உட்சுவரைச் சுரண்டுங்கள். சுரண்டிய கோட்டில் முதலில் ஒரு வெள்ளை நூல் மாதிரித் தெரியும், அதில் இருந்து ஊசி ஊசியாகப் பிரிந்து, அரை நிமிடத்துக்குள் குடுவை முழுக்கக் கஞ்சி மாதிரித் தடித்துவிடும். எத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை. எண்ணெய்த் துளி மாதிரி அடியில் திரண்டால் பயப்பட வேண்டாம், திரும்பக் கொஞ்சம் சூடாக்கி, மெதுவாக ஆறவிடுங்கள்.

வடிப்பதற்கு உறிஞ்சு வடிகட்டல் என்று புத்தகம் சொல்லும். குழாயில் பூட்டும் உறிஞ்சிக்கு நல்ல தண்ணீர் அமுக்கம் வேண்டும், எங்கள் தாங்கித் தண்ணீரில் அது பெருமூச்சுத்தான் விடும். மடித்த வடிதாளும் சாதாரணப் புனலும் போதும், நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான். ஐஸ்தண்ணீர் 5 மில்லிலீற்றர் வீதம் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். அதற்கு மேல் கழுவினால் அஸ்பிரினும் கரைந்து போகும், லீற்றருக்கு ஏறக்குறைய 3 கிராம் கரையக்கூடியது.

இங்கே ஒரு விசயம் கவனியுங்கள். சலிசிலிக்கமிலமும் தண்ணீரில் லீற்றருக்கு 2 கிராம் சொச்சம்தான் கரையும். அதனால் கழுவக் கழுவச் சுத்தமாகும் என்பது இங்கே எடுபடாது. அசற்றிக்கமிலமும் ஊக்கி அமிலமும் கழுவுண்டு போகும், சலிசிலிக்கமிலம் போகாது. அதைப் பிரிக்க மீள்பளிங்காக்க வேண்டும், அதாவது திரும்பக் கரைத்து, ஆறவிட்டுப் பளிங்காக வரவைக்க வேண்டும்.

கிடைத்த, இன்னும் சுத்தமாக்காத பொருளில் கொஞ்சத்தை, ஒரு கடலைப்பருப்பு அளவு, தனியே எடுத்து "மு" என்று எழுதி வையுங்கள், பிறகு ஒப்பிட வேண்டும். மிச்சத்தைச் சிறிய முகவையில் போட்டு 6 மில்லிலீற்றர் எதனோல் விட்டு, சுடுதண்ணீர்ப் பேசினில் வைத்துக் கரையுங்கள், அடுப்பில் அல்ல. கரைந்ததும் 20 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணீர் சேருங்கள். கலங்கினால் தெளியும் வரை சூடுகாட்டுங்கள், கொதிக்க விடாதீர்கள். நீண்ட நேரம் சூட்டில் தண்ணீரோடு கிடந்தால் அஸ்பிரினே உடைந்து திரும்பச் சலிசிலிக்கமிலம் ஆகிவிடும். மேசையில் தானாக ஆறவிட்டு, பிறகு ஐஸ், பிறகு வடிப்பு. வடிதாள்களுக்கு இடையில் ஒற்றி, மூடி போட்ட பாத்திரத்தில் நீரற்ற கல்சியம் குளோரைட்டுக்குப் பக்கத்தில் ஒரு இரவு வையுங்கள். கார்த்திகை மழைக்கு வெளியே காயவைத்தால் அடுத்த கிழமையும் காயாது.

எல்லாம் முடிய 1.5 முதல் 2 கிராம் வந்தால் நல்ல வேலை. தாளின் நிறையை முதலே எடுத்துக் கழிக்க மறக்காதீர்கள்.

ஊதா நிறம்

இப்போதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பெரிக் குளோரைட்டு பீனோல் வகை ஐதரொட்சிலைக் கண்டால் ஊதாவாகும். சலிசிலிக்கமிலத்தில் அது இருக்கிறது, அஸ்பிரினில் அசற்றைல் அதை மூடிவிட்டது. ஆகவே ஊதா வந்தால் மாறாத சலிசிலிக்கமிலம் மிஞ்சியிருக்கிறது.

நான்கு சோதனைக் குழாய். ஒன்றில் சலிசிலிக்கமிலம், ஒன்றில் "மு", ஒன்றில் மீள்பளிங்காக்கியது, நான்காவதில் ஒன்றும் இல்லை. திடப்பொருளில் ஒவ்வொன்றிலும் கடுகு அளவு போதும். நான்கிலும் 1 மில்லிலீற்றர் எதனோல், 5 மில்லிலீற்றர் தண்ணீர், 1 சதவீதப் பெரிக் குளோரைட்டு இரண்டு துளி. முதலாவது நாவல்பழச் சாறு மாதிரிக் கறுத்த ஊதா. இரண்டாவது இளம் ஊதா. மூன்றாவது பெரிக் குளோரைட்டின் வெளிர் மஞ்சளிலேயே நின்றால் சந்தோசப்படலாம். உடனே பாருங்கள், தேநீர் குடித்துவிட்டு வந்தால் கரைசலில் அஸ்பிரின் மெல்ல உடைந்து அதுவும் ஊதா காட்டத் தொடங்கும்.

ஒன்றும் இல்லாத நான்காவது குழாய் எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒருமுறை எதனோல் முடிந்துபோய், பாமசியில் இருந்து சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி வந்து செய்தோம். எல்லாக் குழாயும் ஊதா. மீள்பளிங்காக்கியதும் ஊதா, கடைக் குளிசையும் ஊதா. பிள்ளைகள் தங்கள் அஸ்பிரின் பிழைத்துவிட்டதென்று முகம் தொங்கிப்போய் நிற்கிறார்கள், நானும் ஐந்து நிமிடம் குழம்பித்தான் நின்றேன். பிறகு ஒரு பிள்ளைதான் சொன்னாள், மிஸ் வெறும் குழாயும் ஊதாதானே என்று. பிரித்தானிய மருந்து முறைப்படி செய்யும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் மெதைல் சலிசிலேற்று சேர்ப்பார்கள், நோவுக்குப் பூசும் தைலங்களில் மணக்கிறதே, அதுதான். அதிலும் பீனோல் வகை ஐதரொட்சில் இருக்கிறது. மணந்து பார்த்திருந்தால் முதலே தெரிந்திருக்கும். அன்றில் இருந்து வெறும் குழாய் இல்லாத சோதனையை நான் கையெழுத்து வைத்து ஏற்பதில்லை.

இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காமல் எவ்வளவு என்றும் மட்டுக்கட்டலாம். 0.10 கிராம் சலிசிலிக்கமிலத்தை எதனோலில் கரைத்து 100 மில்லிலீற்றர் ஆக்குங்கள், ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 1 மில்லிகிராம். அதில் 0.25, 0.5, 1.0 மில்லிலீற்றர் வீதம் மூன்று குழாயில் எடுத்து, ஒவ்வொன்றையும் எதனோலால் 5 மில்லிலீற்றர் ஆக்குங்கள். உங்கள் அஸ்பிரின் 0.50 கிராமை எதனோலில் கரைத்து 50 மில்லிலீற்றர் ஆக்கி, அதில் 5 மில்லிலீற்றரை நான்காவது குழாயில் விடுங்கள், அதில் 50 மில்லிகிராம் பொருள் இருக்கும். நான்கிலும் 5 மில்லிலீற்றர் தண்ணீர், பெரிக் குளோரைட்டு 10 துளி. பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நிறம் எதோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். முதல் குழாயோடு ஒத்தால் சலிசிலிக்கமிலம் நூற்றுக்கு 0.5, இரண்டாவதோடு 1, மூன்றாவதோடு 2. கருவி ஒன்றும் வேண்டாம், கண் போதும்.

உருகுநிலை

ஒருபக்கம் மூடிய மயிர்த்துளைக் குழாயில் பொருளைத் தட்டி இறக்கி, வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, திரவப் பரபினுக்குள் வைத்துச் சூடாக்குங்கள். சுத்தமான அஸ்பிரின் 135 பாகைக்குக் கிட்ட உருகும், சலிசிலிக்கமிலம் 159க்குக் கிட்ட. இரண்டும் கலந்தால் இடையில் எங்கேயோ உருகும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள், அப்படி இல்லை, 135க்கும் கீழே இறங்கி, இழுபட்டு இழுபட்டு உருகும். 122இல் தொடங்கி 130 வரை இழுத்தால் பொருள் சுத்தமில்லை. அஸ்பிரின் சூட்டில் உடையக்கூடியது என்பதால் ஆரம்பத்தில் இருந்தே குழாயை உள்ளே வைத்து அவிக்காதீர்கள், 120 பாகை வந்த பிறகு வையுங்கள். சூடான பரபினுக்குள் ஒரு துளித் தண்ணீர் விழுந்தாலும் தெறிக்கும், பக்கத்தில் கை கழுவுவது, குழாய் உதறுவது ஒன்றும் வேண்டாம். எதனோல் போத்தல் எல்லாம் அப்புறப்படுத்திய பிறகுதான் சுடர்.

நியமிப்பு, அது சொல்லும் பொய்

0.30 கிராம் அஸ்பிரினை 15 மில்லிலீற்றர் குளிர்ந்த எதனோலில் கரைத்து, நிறம் மாறி முடிவைச் சொல்லும் காட்டியான பினோத்தலீன் இரண்டு துளி விட்டு, அளவியில் 0.1 மூலர் சோடியம் ஐதரொட்சைட்டு நிரப்பி நியமியுங்கள். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: அளவி என்றால் பியூரெட், நியமிப்பு என்றால் தரம் பார்த்தல். மானிப்பாயில் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர்க்காரர் நாங்கள், எங்கள் சொற்கள் கொஞ்சம் வேறு.) எதனோலிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கலாம், அதனால் பொருளைப் போட முதல் காட்டியை விட்டு, மெல்லிய இளஞ்சிவப்பு வரும்வரை ஐதரொட்சைட்டு ஒரு துளி இரண்டு துளி சேர்த்துச் சரிப்படுத்துங்கள். ஐதரொட்சைட்டையும் ஒட்சாலிக்கமிலத்தோடு நியமித்துச் செறிவை உறுதிசெய்து வையுங்கள், போத்தலில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

அஸ்பிரினின் மூலர்த்திணிவு 180.16. 0.30 கிராமுக்கு 16.65 மில்லிலீற்றர் போக வேண்டும். இளஞ்சிவப்பு 20 விநாடி நின்றால் அதுதான் முடிவு. பிறகு மங்கும், அஸ்பிரினின் எசுத்தர் உடைந்து புது அமிலம் வருகிறது, அதைத் துரத்திக்கொண்டு துளி துளியாக விட்டால் முடிவே வராது.

சலிசிலிக்கமிலத்தின் மூலர்த்திணிவு 138.12, ஆகவே அதே 0.30 கிராம் முழுக்கச் சலிசிலிக்கமிலமாக இருந்தால் 21.72 மில்லிலீற்றர் போகும். 16.65ஐ விடக் கூடப் போனால் சலிசிலிக்கமிலமோ கழுவுண்டு போகாத அசற்றிக்கமிலமோ இருக்கிறது, குறைந்தால் ஈரம் இருக்கிறது. இதுவரை எல்லாம் சரி.

இப்போது ஒரு பொருளை நினையுங்கள்: நூற்றுக்கு 87 அஸ்பிரின், 10 சலிசிலிக்கமிலம், 3 தண்ணீர். படு மோசமான பொருள். கணக்குப் போடுங்கள். அஸ்பிரின் பங்கு 14.49, சலிசிலிக் பங்கு 2.17, தண்ணீருக்கு ஒன்றுமில்லை. கூட்டினால் 16.66. அளவி உங்களுக்கு நூற்றுக்கு நூறு சுத்தம் என்று சொல்லும்! ஒரு அழுக்குக் கூட்டியதை இன்னொரு அழுக்குக் குறைத்துவிட்டது. கணக்கை முதலில் கரும்பலகையில் போட்டுக்காட்டியபோது வகுப்பு நம்பவில்லை, பிறகு ஒரு குழு அப்படியே கலந்து நியமித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டது.

இன்னும் ஒன்று. சலிசிலிக்கமிலம் நூற்றுக்கு 1 கூடினால் அளவியில் கூடுவது 0.05 மில்லிலீற்றர், அது ஒரு துளி. எந்தக் கெட்டிக்காரக் கையும் அதைப் பிடிக்காது. ஆனால் பெரிக் குளோரைட்டுக் குழாயில் அதே 1 சதவீதம் கண்ணைக் குத்தும். மறுபக்கம், பொருள் பாதி ஈரமாக இருந்தாலும் பெரிக் குளோரைட்டு மஞ்சளாகவே சிரித்துக்கொண்டு நிற்கும், அதைக் காட்டிக்கொடுப்பது அளவியும் தராசும். அதனால் மூன்று முடிவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் எது ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுதுங்கள். என்னிடம் கூடப் புள்ளி வாங்குவது அந்தப் பந்திதான்.

கடைக் குளிசையையும் ஒப்பிடலாம், சாதாரண அஸ்பிரின் குளிசையை நொறுக்கி எதனோலில் கரைத்து வடித்தால் மாப்பொருள் பின்தங்கிவிடும். டிஸ்பிரின் போலத் தண்ணீரில் கரையும் வகையை நியமிப்புக்கு எடுக்காதீர்கள், அதில் கல்சியம் காபனேற்று இருப்பதால் கணக்கு குலையும்.

கழிவு

பளிங்கை வடித்தபோது கீழே வந்த தண்ணீரில் அசற்றிக்கமிலம் இருக்கிறது. அப்படியே தொட்டியில் ஊற்றாதீர்கள், எங்கள் லாப் தொட்டித் தண்ணீர் போவது குழிக்குத்தான், குழியில் இருந்து சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்குள்ளால் யாருடையதோ கிணற்றுக்கு. பெரிய வாளியில் சேர்த்து, நுரை அடங்கும் வரை அப்பச்சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நிறையத் தண்ணீர் கலந்த பிறகு விடுங்கள். பாவிக்காத நீரிலி மிஞ்சினால் பிள்ளைகள் தொட வேண்டாம், ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

செய்த அஸ்பிரினில் அரைவாசியை நன்றாக மூடிய போத்தலில், மற்ற அரைவாசியை மூடி தளர்ந்த போத்தலில் போட்டு, திகதியும் "உட்கொள்ளக் கூடாது" என்றும் எழுதி, ஐப்பசியில் லாப் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மழை முடிந்து தைப்பொங்கல் லீவு கழிய வந்து, இரண்டு மூடியையும் திறந்து கையால் விசிறி மணந்து பாருங்கள், வினாகிரி மணம் எதில் வருகிறது என்று. பிறகு இரண்டிலும் கடுகளவு எடுத்து, வெறும் குழாயையும் பக்கத்தில் வைத்து, பெரிக் குளோரைட்டு இரண்டு துளி விடுங்கள்.